நுண்ணுயிர் தின்னாத மிச்சம்

எண்ணெய் சிந்திய இடத்தில் அதைத் தின்னும் நுண்ணுயிர்களைத் தூவிவிட்டால் சில வாரங்களில் நிலமும் நீரும் பழையபடி சுத்தமாகிவிடும் என்ற அபிப்பிராயம், படித்தவர்களிடையேயும் அதிகாரிகளிடையேயும் கேள்வி கேட்பாரின்றி வேரூன்றி வருகிறது. பத்திரிகைகள் அதை உற்சாகத்தோடு எழுதுகின்றன. பள்ளி மாணவர்கள் விஞ்ஞானக் கண்காட்சிகளில் கண்ணாடிக் குடுவைகளை அடுக்கி அதை விளக்குகிறார்கள். மலைப்பிரதேசத்தின் ஓடைகளைப் பற்றியும் வொர்க்‌ஷாப்புகளின் கழிவு ஆயிலைப் பற்றியும் யாராவது கவலை தெரிவித்தால், ‘அதற்குத்தான் பாக்டீரியா வந்துவிட்டதே’ என்ற பதில் ஆயத்தமாக நிற்கிறது. இந்த அபிப்பிராயம் முழுப் பொய்யாக இருந்தால் அதை மறுக்க ஒரு கட்டுரை வேண்டியதில்லை. அதில் பாதி மெய் இருக்கிறது. அந்தப் பாதி மெய்யின் நிழலில் மற்றப் பாதியின் பிழை ஒளிந்து வளர்வதால், நீலகிரி போன்ற ஒரு மலைக்கு அது அபாயமானது என்பதே என் கட்சி.

மெய்யான பாதியை முதலில் ஒப்புக்கொள்வது நியாயம். ஹைட்ரோகார்பன்களை உணவாகக் கொள்ளும் பாக்டீரியாக்கள் கடலிலும் மண்ணிலும் ஏராளமாக உள்ளன. எண்ணெய் கிடைத்தவுடன் பல்கிப் பெருகும் அல்கனிவோராக்ஸ் என்ற கடல் பாக்டீரியாவைப் போன்றவை அவற்றில் பிரசித்தமானவை. வங்காளத்தில் பிறந்து அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஸ்தாபனத்தில் பணிபுரிந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, எண்ணெயின் பல பகுதிகளையும் சிதைக்கவல்ல சூடோமோனாஸ் இனம் ஒன்றை ஆய்வகத்தில் உருவாக்கி, அதற்குக் காப்புரிமை கோரி, 1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வெற்றி பெற்றார். நம் நாட்டில் டெரி நிறுவனத்து விஞ்ஞானிகள் ஐந்து பாக்டீரியா இனங்களைச் சேர்த்து, மக்காச்சோளத் தக்கைத் தூளில் ஏற்றி, ஆயில்ஜாப்பர் என்ற பெயரில் ஒரு பொடியைத் தயாரித்தார்கள்; எண்ணெய்க் கிணறுகளின் ஓரத்திலும் சுத்திகரிப்பு ஆலைகளின் குழிகளிலும் ஆண்டுக்கணக்காகத் தேங்கிய கசடைச் சுத்தம் செய்ய அது பயன்பட்டிருக்கிறது. இவர்களுடைய உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவர்கள் செய்ததற்கும், அவர்கள் பெயரைச் சொல்லி மற்றவர்கள் வாக்களிப்பதற்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரியது. சக்கரவர்த்தியின் பாக்டீரியா நீதிமன்றத்தில் வென்றதே தவிர, எந்தக் கடலிலும் சிந்திய எண்ணெயின்மீது அது விடப்பட்டதில்லை என்பதை அவரை உதாரணம் காட்டுகிறவர்களில் பலர் அறியமாட்டார்கள்.

எண்ணெய் என்பது ஒரே பொருள் அன்று. விவாதத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. மண்ணெண்ணெயும் டீசலும் குட்டையான, நேரான கார்பன் சங்கிலிகளை மிகுதியாகக் கொண்டவை. அவற்றில் ஒரு பகுதி காற்றிலேயே ஆவியாகிவிடும், எஞ்சியதைப் பாக்டீரியா விரும்பித் தின்னும். கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்து, பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் யாவும் எடுத்தபின் அடியில் தங்கும் கறுத்த கூழோ வேறு சுபாவம் உடையது. உலை எண்ணெய், பங்கர் எண்ணெய், கன எண்ணெய் என்று பல பெயர்களில் வழங்கும் அதில், பல வளையங்கள் பின்னிக்கிடக்கும் நறுமணச் சேர்மங்களும், பிசின்களும், அஸ்பால்ட்டீன் எனப்படும் தார்ப் பொருளும் நிறைந்திருக்கின்றன. இவற்றின் மூலக்கூறுகள் பெரியவை, நீரில் கரையாதவை, நுண்ணுயிரின் நொதிகள் பற்றிக்கொள்ள இடம் தராதவை. ஆட்டு மந்தை தளிரைத் தின்று முள்ளை விட்டுச் செல்வதுபோல நுண்ணுயிர்க் கூட்டம் சங்கிலிகளைத் தின்று தாரை விட்டுச் செல்கிறது. விட்டுச் சென்றதைத் தின்னாமல் விட்டதற்காக அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

இதற்குப் பூமியே எழுதிவைத்த ஒரு பெரும் சாட்சியம் உண்டு. கனடாவில் அல்பர்ட்டா மாகாணத்தின் மணற்பரப்பில் பல லட்சக்கணக்கான ஏக்கர்களில் புதைந்துகிடக்கும் தாரெண்ணெய் தொடக்கத்தில் இலேசான எண்ணெயாக இருந்தது. தரைக்கு அருகே வந்து குளிர்ந்த அந்த எண்ணெயை லட்சக்கணக்கான ஆண்டுகளாக நுண்ணுயிர்கள் தின்று தின்று, இலகுவானதையெல்லாம் கரைத்தபின் மிஞ்சியதே இன்றைய கன எண்ணெய். பூமிக்கு அடியில் வெப்பம் ஏறத்தாழ 80 டிகிரியைத் தாண்டிய இடங்களில் நுண்ணுயிர்கள் மடிந்துபோவதால் அங்குள்ள எண்ணெய் இலேசாகவே தங்கியிருக்கிறது என்றும், குளிர்ந்த மேற்பரப்புக் களங்களில் அது கனத்துப்போகிறது என்றும் நிலவியலார் கண்டிருக்கிறார்கள். அதாவது, இயற்கையில் கன எண்ணெய் என்பதே பெரும்பாலும் நுண்ணுயிர்கள் தின்று முடித்த பின் கிடக்கும் எச்சம். யுக யுகமாக அவகாசம் கொடுத்தும் அவை தீர்க்காத ஒன்றை, ஒரு பருவத்துக்குள் அவை தீர்க்கும் என்று வாக்களிப்பவர் அதற்கு வலுவான ஆதாரம் காட்டக் கடமைப்பட்டவர்.

நீலகிரிக்கும் கன எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம் என்று சமவெளி வாசகர் கேட்கலாம். 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலும், 1908-ல் உதகை வரையிலும் ஏறிய மலை ரயில், பல்சக்கரம் பற்றி 12.5 அடிக்கு ஓர் அடி உயரும் அந்த அதிசயப் பாதையில், நெடுங்காலம் நிலக்கரியால் ஓடியது. பின்னர், இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், அதன் நீராவி எஞ்சின்கள் பொன்மலைப் பணிமனையில் உலை எண்ணெயால் எரிக்கும்படி மாற்றியமைக்கப்பட்டன. 2011 முதல் அதே பணிமனை எண்ணெயால் எரியும் புதிய எஞ்சின்களையும் கட்டிக் கொடுத்தது. 2005-ல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் சேர்ந்த ரயில் என்பதால் அதை நேசிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள், நானும் அவர்களில் ஒருவன். ஆனால் எண்ணெயை மலைக்குக் கொண்டுவருவதும், சேமிப்பதும், சூடாக்கி நிரப்புவதும் எங்கும் கவனத்தோடு செய்யவேண்டிய காரியங்கள் என்பதை நேசம் மறைக்கக்கூடாது. இதைவிடப் பரவலாகவும் எவர் கண்ணிலும் படாமலும் கிடப்பது எஞ்சின் கழிவு ஆயில்: லாரி, ஜீப், பேருந்து, ஜெனரேட்டர் எல்லாவற்றிலிருந்தும் வடித்தெடுக்கப்படும் அந்தக் கறுப்பு ஆயில், சரிவில் கட்டிய வொர்க்‌ஷாப்புகளின் வாசலிலிருந்து எங்கே போகும் என்று கேட்டால், மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் என்பதே பதில். குன்னூர் ஊருக்குள் ஓடும் ஆறு கல்லாற்றோடு சேர்ந்து மேட்டுப்பாளையத்தருகே பவானியில் கலக்கிறது. பவானியை நம்பி வாழும் ஊர்கள் எத்தனை என்று கோவை, ஈரோட்டு மக்களைக் கேட்டால் தெரியும்.

இனி, நுண்ணுயிர்கள் வேலை செய்யும் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இந்த மலையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஆய்வகத்தில் குடுவை 30 டிகிரி வெப்பத்தில் ஆட்டப்படுகிறது. உதகையின் ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறத்தாழ 14, 15 டிகிரி. மார்கழி, தை மாதங்களின் விடியலில் புல்லின்மேல் உறைபனி படிகிறது. 10 டிகிரி குறைந்தால் உயிர்வினைகளின் வேகம் சுமார் பாதியாகும் என்ற பொது விதிப்படி பார்த்தால், சென்னைக் கடற்கரையில் நடக்கும் சிதைவு இங்கே பாதி வேகத்துக்கும் கீழே இறங்கிவிடும். குளிரில் உலை எண்ணெயே கட்டியாகிவிடும் என்பது இன்னொரு கஷ்டம்: பம்பில் ஏற்றுவதற்கே முதலில் அதைச் சூடாக்கவேண்டும். அப்படி உறைந்து களிமண்ணோடு ஒட்டிக்கொண்ட கட்டியின் உள்ளே எந்தப் பாக்டீரியாவும் புகாது. அது மேல்பரப்பை மட்டும் நக்கிக்கொண்டிருக்கும்.

வெப்பத்தைவிடப் பெரிய தடை பிராணவாயு. ஒரு கிலோ எண்ணெய் முழுவதுமாகக் கரியமிலவாயுவாகவும் நீராகவும் மாற ஏறத்தாழ மூன்றரைக் கிலோ பிராணவாயு வேண்டும். இதனால்தான் சமவெளிச் சுத்திகரிப்பு ஆலைகளில் கசடை மெல்லிய படுகையாகப் பரப்பி, தொடர்ந்து உழுது, நீர் தெளித்து, மாதக்கணக்காகக் காற்றோட்டம் தருகிறார்கள். அப்படி உழுவதற்குச் சமதளம் வேண்டும். நீலகிரியில் சமதளம் எங்கே இருக்கிறது? சரிவில் மண்ணைக் கிளறிவிட்டு ஒரு வடகிழக்குப் பருவமழையை எதிர்கொண்டால் என்ன நடக்கும் என்பதை 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி வட்டாரத்து மண்சரிவுகளில் இந்த மாவட்டம் கண்ணீரோடு பார்த்தது.

உணவுச் சத்தின் கணக்கு இதற்கு அடுத்தது. நூறு பங்கு கார்பனுக்குப் பத்துப் பங்கு நைட்ரஜனும் ஒரு பங்கு பாஸ்பரஸும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. எண்ணெயில் கார்பன் மிகுதி, மற்ற இரண்டும் அநேகமாக இல்லை. ஆகவே ஒரு டன் எண்ணெய்க்கு நைட்ரஜன் மட்டும் யூரியாவாகக் கொடுத்தால் 180 கிலோவுக்கு மேல் ஆகும். 1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் சிந்திய எண்ணெயின்மீது பெரிய அளவில் தெளிக்கப்பட்டது உரமே. அங்கேயே இருந்த பாக்டீரியாக்களுக்கு அந்த உரம் தெம்பு கொடுத்தது என்பதும், கற்களுக்கு அடியில் காற்றுப் புகாத இடங்களில் புதைந்த எண்ணெய் பல பத்தாண்டுகள் கழித்தும் தோண்டினால் கண்டெடுக்கும்படி கிடந்தது என்பதும் அந்த அனுபவத்தின் இரு முகங்கள். கடற்கரைக் கல்லில் தெளித்த உரத்தைக் கடல் வாங்கிக்கொண்டது. மலைச்சரிவில் தெளிக்கும் உரத்தை எது வாங்கும்? எண்ணெயைத் துடைக்கப் போய் ஓடையை யூரியாவால் கெடுப்பதை நிவாரணம் என்று அழைக்க முடியாது.

நான்காவது தடை இந்த மலைக்கே உரியது, ஆகவே இதில் சற்று நின்று பேசவேண்டும். தேயிலை அமில மண்ணில் வளரும் செடி. அமில அளவு 4.5 முதல் 5.5 வரை உள்ள மண்ணே அதற்கு உவப்பு. எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பான்மை நடுநிலைக்கு அருகே, 6 முதல் 8 வரையில் மட்டும் சுறுசுறுப்பாக இருப்பவை. பாக்டீரியாவுக்காகச் சுண்ணாம்பை அள்ளிப் போட்டால் தேயிலை வாடும். தேயிலைக்காக மண்ணை விட்டுவைத்தால் பாக்டீரியா மந்தமாகும். சோலைக்காடுகளின் ஓரத்து மண்ணில் இன்னொரு சிக்கல் உண்டு: இலைமக்கு நிறைந்த அந்தக் கறுத்த மண் எண்ணெயை இறுகப் பற்றிக்கொள்கிறது, அங்கு வாழும் நுண்ணுயிர்களோ இலகுவான மக்கு பக்கத்தில் கிடைக்கும்போது கடினமான தாரைத் தேடிப் போக அவசியமில்லாதவை. வெளியிலிருந்து பொட்டலத்தில் வரும் ஐந்து இனங்கள், ஒரு பிடி மண்ணில் கோடிக்கணக்காக வாழும் பூர்வகுடி நுண்ணுயிர்களோடு போட்டியிட்டு, குளிரையும் அமிலத்தையும் தாங்கி, ஒரு மழைக்காலம் பிழைத்திருக்கும் என்று நம்புவதற்கு நல்ல ஆதாரம் தேவை. குன்னூரில் 1907-ல் நிறுவப்பட்ட பாஸ்டர் நிலையம் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நுண்ணுயிர்களோடு பழகிவருகிறது. அந்தக் கட்டிடத்துக்குள் ஓர் உயிரை வளர்க்க வெப்பத்துக்கும் உணவுக்கும் சுத்தத்துக்கும் எத்தனை நியமம் காக்கப்படுகிறது என்று அறிந்தவர்கள், அதே உயிரை மழை பெய்யும் சரிவில் தூவிவிட்டால் தானே காரியத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லமாட்டார்கள்.

‘எண்ணூரில் வென்றதே’ என்று எதிர்க்கட்சியார் கேட்பார்கள். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டதில் கன எண்ணெய் கடலில் கொட்டிக் கரை ஒதுங்கியது. அதை எடுத்தவர்கள் யார்? மீனவர்களும், மாணவர்களும், கடலோரக் காவல் படையினரும், வாளிகளையும் குடங்களையும் வைத்துக்கொண்டு அள்ளியெடுத்தார்கள். அள்ளிய பிறகே, காமராஜர் துறைமுகத்தில் ஒதுக்கிய இடத்தில், சேர்ந்த கசடின்மீது இந்தியன் ஆயில் ஆராய்ச்சிப் பிரிவினர் நுண்ணுயிர்ச் சிகிச்சையைச் செய்தார்கள். சமதளம், வெப்பம், வேலி, கண்காணிப்பு எல்லாம் இருந்த இடத்தில் அது ஒரு நல்ல காரியம். கடலிலும் பாறையிலும் கிடந்த எண்ணெயைப் பாக்டீரியா தீர்க்கவில்லை, மனிதக் கைகள் தீர்த்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் கொசஸ்தலையாற்றையும் எண்ணூர்க் கழிமுகத்தையும் மூடியபோதும் முதலில் படகில் இறங்கியவர்கள் மீனவர்களே. அவர்களுடைய கைகளிலும் கால்களிலும் ஒட்டிய தாரைக் கழுவ வெகு நாளாயிற்று. நுண்ணுயிர்ப் பெருமையைப் பேசும்போது அந்த மனிதர்களைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பெரிய அநீதியாகத் தோன்றுகிறது.

எண்பது சதவீதம் குறைந்தது, தொண்ணூறு சதவீதம் குறைந்தது என்று அறிக்கைகள் காட்டும் கணக்கிலும் கவனம் வேண்டும். எண்ணெய்க் கசடைச் சுத்தமான மண்ணோடு கலந்தால், எதுவுமே சிதையாமலேயே ஒரு கிலோ மண்ணில் உள்ள எண்ணெயின் அளவு குறைந்துவிடும். வெயிலில் பரப்பினால் இலேசான பகுதி ஆவியாகிக் காற்றில் கலந்துவிடும். மண்ணில் அது இல்லையென்பதற்காக உலகத்தில் அது இல்லையென்று ஆகாது. தின்னப்பட்ட எண்ணெயும் எப்போதும் நீராகவும் வாயுவாகவும் முடிவதில்லை. பாதிவழியில் நின்றுபோன சில பொருள்கள் மூலப்பொருளைவிட நீரில் எளிதில் கரைந்து, நிலத்தடிக்கு எளிதில் இறங்கவல்லவை. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்துப் பெமிட்ஜி என்ற ஊரருகே 1979-ல் குழாய் வெடித்துச் சிந்திய கச்சா எண்ணெயை அள்ளியது போக மிஞ்சியதை விஞ்ஞானிகள் பத்தாண்டுக்கணக்கில் கவனித்து வருகிறார்கள். நுண்ணுயிர்கள் இடைவிடாது உழைத்தும் அந்த எண்ணெய் இன்னும் அங்கே இருக்கிறது. அது கன எண்ணெய்கூட இல்லை என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

உலை எண்ணெயில் கந்தகத்தோடு வனேடியமும் நிக்கலும் கலந்திருக்கின்றன. உலோகம் ஒரு தனிமம். அதைச் சிதைக்க எந்த உயிராலும் ஆகாது, ஓர் உருவிலிருந்து மற்றோர் உருவுக்கு மாற்றலாம், அவ்வளவே. நமது மற்றொரு மலையான கோடைக்கானலில் வெப்பமானித் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்ட பின்னும், மண்ணில் தங்கிய பாதரசத்தை அகற்றுவது எத்தனை ஆண்டு வழக்காகவும் வாதமாகவும் இழுபட்டது என்பதைத் தமிழ்நாடு கண்டது. மலையில் இறங்கிய விஷம் சமவெளியில் இறங்கியதைப்போல ஓரிடத்தில் கிடக்காது. கீழே உள்ளவர் அனைவருடைய கிணற்றுக்கும் அது விருந்தாளியாக வரும்.

இந்த முறை மலிவானது என்ற வாதம் இன்னும் நிற்கிறது. எதனோடு ஒப்பிட்டு மலிவு? மண்ணைத் தோண்டி லாரியில் ஏற்றி எரிப்பதோடு ஒப்பிட்டால் மலிவுதான். சிந்தாமல் பார்த்துக்கொள்வதோடு ஒப்பிட்டால் அது மிக அதிகச் செலவு. நிரப்பும் இடத்தில் கீழே ஒரு சிமெண்டுத் தளமும் சுற்றிலும் வரம்பும், வடிகாலில் எண்ணெயை மேலே பிடித்து நீரை மட்டும் கீழே விடும் தொட்டியும், வொர்க்‌ஷாப்பில் வடித்த ஆயிலை ஊற்றிவைக்கப் பூட்டிய டிரம்மும், அதை வாங்கிச் செல்ல உரிமம் பெற்ற ஆலையும் இருந்தால், பாக்டீரியாவுக்கு வேலையே இராது. கழிவு ஆயில் அபாயகரக் கழிவு என்று 2016-ம் ஆண்டு விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. அதைப் பூமியில் ஊற்ற எவருக்கும் உரிமையில்லை. பொட்டலத்தின்மீது வைக்கும் நம்பிக்கை இந்த விதியை நிறைவேற்றும் அவசரத்தை மெல்ல மெல்லக் குறைக்கிறது என்பதே என் பெரிய மனத்தாங்கல். தடுக்கவேண்டியவர், சிந்திய பின் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுகிறார். கண்காணிக்கவேண்டியவர், நவீன முறை கைவசம் இருக்கிறதென்று திருப்தியடைகிறார். ஓடையில் குளிக்கவும் தோட்டத்துக்குப் பாய்ச்சவும் நீர் எடுப்பவர் இருவரையும் அறியாதவர்.

நுண்ணுயிர்ச் சிகிச்சைக்கு இந்த மலையில் இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அள்ளமுடிந்ததையெல்லாம் கையால் அள்ளி, மேட்டுப்பாளையம் போன்ற சமதள வெப்பப் பிரதேசத்துக்கு இறக்கி, அடியில் நீர் இறங்காத தளம் போட்டு, மேலே கூரை போட்டு, உழுது காற்றூட்டி, விஞ்ஞானிகளின் மேற்பார்வையில் செய்தால் அது பயன் தரும். தார்ப் பகுதி மிஞ்சும்போது அதைத் தனியே எடுத்து அடக்கிவைக்கவும் அங்கே வசதி உண்டு. சரிவிலேயே, ஓடைக்கு மேலேயே, தூவிவிட்டால் போதும் என்று வருகிற எவரிடமும் நாம் சில கணக்குகளைக் கேட்டு வாங்கவேண்டும். மொத்த எண்ணெயின் கணக்கு போதாது. பிசினும் அஸ்பால்ட்டீனும் தனித்தனியே எவ்வளவு குறைந்தன என்பது வேண்டும். பொடி தூவிய மண்ணின் பக்கத்திலேயே, பொடி தூவாமல் உழுது உரமிட்ட மண்ணின் அளவும் வேண்டும். நிக்கல், வனேடியம் எங்கே போயின என்பதும், மழைக்கு முன்னும் பின்னும் கீழே ஓடும் ஓடையில் நைட்ரேட் எவ்வளவு என்பதும் வேண்டும். இவையனைத்தையும் நீலகிரி மண்ணிலேயே ஒரு வடகிழக்கு மழையும் ஓர் உறைபனிக் காலமும் கடந்த பிறகு எடுத்து, பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டி, கீழே நீர் எடுக்கும் ஊராரின் முன்னே படித்துக்காட்டும்வரை, குன்னூர் ஆற்றுக்கு மேலே ஒரு பொட்டலத்தையும் அவிழ்க்க அனுமதி தரலாகாது.